பதினாலாம் நம்பர் ஸ்பேனர்

ஞானேஸ்வரிக்குக் கவலைப்படக் காரணமே தேவையில்லை. பள்ளிக்கூட வேனில் ஏறி உட்கார்ந்த பிறகு, வீட்டுக் குழாயை மூடினோமா என்று யோசிப்பாள். பெரிய மழை பெய்தால், கண்டியில் மஹியாவை என்ற மேட்டிலிருக்கும் தங்கள் வீடு வழுக்கிக்கொண்டு கீழே போய்விடுமோ என்று பயப்படுவாள். கேற் பூட்டியிருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்தால் போதாது. பூட்டை இழுத்தும் பார்க்க வேண்டும்.

"கவலைப்பட ஒன்னுமே இல்லன்னா, ஏன் ஒன்னுமே இல்லன்னு கவலப்படுவா எம் பொண்ணு" என்பார் அம்மா இராஜேஸ்வரி.

வீட்டில் எல்லோரும் சிரிப்பார்கள். ஞானாவும் சிரிப்பாள். ஆனால் உள்ளுக்குள் கொஞ்சம் வலிக்கும்.

அப்பா பழனியாண்டி இதற்கு நேர் எதிர். வீட்டை ஒட்டி ஒரு கராஜ் வைத்திருந்தார். வேன், முச்சக்கரவண்டி எது வந்தாலும் திருத்திவிடுவார். கெட்டிக்காரர்தான். ஆனால் எடுத்த பொருளை எடுத்த இடத்தில் வைக்கிற பழக்கம் அவரிடம் மருந்துக்கும் கிடையாது. ஒரு நாள் சுத்தியல் கோழிக்கூட்டுக்குள் கிடைத்தது. கோழி அதையும் முட்டையோடு சேர்த்து அடைகாத்துக்கொண்டிருந்தது.

"எதை எங்க வச்சேன்னு என் கைக்குத் தெரியும்" என்பார் அப்பா.

"அப்ப அந்தக் கையையே கேளுங்க. என்னைக் கேக்காதீங்க" என்பார் அம்மா.

ஆயுத பூசை நெருங்கியது. ஆயுதங்களைக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்துச் சாமி முன்னால் வைத்தால், மறுநாள் காலை வரை அவற்றைத் தொடக் கூடாது. வருடா வருடம் அப்பா எண்ணெய்ப் பிசுக்கோடு ஆயுதங்கள் கிடக்கும் பிஸ்கட் டின்களைத் தூக்கிக்கொண்டு வருவார். அம்மாவுக்குக் கோபம் வரும்.

"அப்பா, இந்த வருசம் ஒரு வேல மேச செய்வோம். சாமான் எல்லாத்தையும் அதுக்கு மேல சுவத்துல மாட்டுவோம். பூசையையும் அங்கயே வைப்போம்" என்றாள் ஞானா.

"மேசைக்குப் பலகைக்கு எங்க போறது?"

"பின்னால ஒரு பழைய கதவு கிடக்குல்ல?"

அப்பா கதவைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். மறுபடியும் கதவைப் பார்த்தார். பிறகு மரம் அறுக்கும் வாளை எடுத்தார்.

நான்கு கால்கள் அறுத்தார்கள். ஒன்று குட்டையாகிப் போனதால் அதற்குக் கீழே ஒரு பலகைத் துண்டை வைத்து ஆணி அடித்தார்கள். அப்பா குனியாமல் வேலை செய்யும் உயரத்தில் மேசை நின்றது. கதவின் சாவித் துவாரத்தை அடைக்க மறந்துவிட்டதால், முதல் நாளே இரண்டு நட்டுகள் அதற்குள் விழுந்து கீழே உருண்டன. மற்றபடி மேசைக்கு ஒரு குறையும் இல்லை.

மேசைக்கு மேலே சுவரில் ஒரு பெரிய பலகையைப் பொருத்தினார்கள். ஞானா ஒவ்வோர் ஆயுதமாக அதில் வைத்துச் சுற்றிலும் வெள்ளைப் பெயின்ட்டால் கோடு போட்டாள். குறட்டுக்குக் குறட்டின் வடிவம். சுத்தியலுக்குச் சுத்தியலின் வடிவம். ஸ்பேனர்கள் மட்டும் சின்னதிலிருந்து பெரிது வரை வரிசையாக நின்றன.

"ஸ்பேனருக்கெல்லாம் படம் புடிக்கிறியா? எல்லாரும் சிரிங்கன்னு சொன்னியா?" என்று கேட்டார் அப்பா.

"எது இல்லன்னு பாத்த ஒடனே தெரியணும்ப்பா. இல்லன்னா எனக்குத் தூக்கம் வராது."

"ஒனக்கு இருந்தாலும் வராதே!" என்று அப்பா சிரித்தார்.

பூசை நாளும் வந்தது. அன்று சனிக்கிழமை. காலையிலிருந்து அப்பா பாயிஸ் நானாவின் வேனில் வேலை செய்துகொண்டிருந்தார். ஞானாவைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போகிற அதே வேன்தான். வேனில் போகிற பிள்ளைகள் எல்லோரும் அவரை அண்ணன் என்ற பொருளில் 'நானா' என்றுதான் கூப்பிடுவார்கள். முன் சீட்டைத் தூக்கினால் கீழே எஞ்சின் இருக்கும். அப்பா தலையை அதற்குள் விட்டுக்கொண்டிருந்தார்.

"சுருக்கா முடி பழனி. மடுல்கெல்லயில ஒரு ஹயர் ஈக்கி. கல்யாண ஆக்கள். புள்ளகுட்டியோட ஏத்திட்டு வரணும்" என்றார் பாயிஸ் நானா.

"என்னங்க! சாமான் எல்லாம் கழுவணும். நல்ல நேரம் போயிரப் போகுது!" என்று வீட்டுக்குள்ளிருந்து அம்மா கத்தினார்.

இந்தப் பக்கம் ஹயர், அந்தப் பக்கம் நல்ல நேரம். நடுவில் அப்பா. அவர் அவசர அவசரமாக ஆயுதங்களை அள்ளி ஞானாவின் வாளியில் போட்டார். சீட்டைத் தட்டி மூடினார். பாயிஸ் நானா கையை ஆட்டிவிட்டு வேனை எடுத்துக்கொண்டு போனார். அப்பா குளிக்கப் போனார்.

ஞானா ஆயுதங்களை மண்ணெண்ணெயில் துடைத்தாள். சவர்க்காரத் தூள் போட்டுக் கழுவினாள். துணியால் ஒற்றி, ஒவ்வொன்றாக அதனதன் கோட்டுக்குள் மாட்டினாள். அம்மா பின்னாலேயே சந்தனப் பொட்டு வைத்துக்கொண்டு வந்தார்.

வாளி காலியானது. சுவரில் ஓர் இடம் மட்டும் வெறுமையாக இருந்தது.

பதினாலாம் நம்பர் ஸ்பேனரின் இடம்.

ஞானா வாளியைக் கவிழ்த்துப் பார்த்தாள். மேசைக்கு அடியில் தவழ்ந்து பார்த்தாள். கழுவிய தண்ணீர் ஓடிய வடிகானுக்குள் கையை விட்டுத் துழாவினாள். கோழிக்கூட்டையும் விடவில்லை. எங்கேயும் இல்லை.

"அம்மா, பதினாலு இல்ல."

"ஒன்னு இல்லன்னா சாமி என்ன கோவிச்சுக்கவா போகுது? போய் மூஞ்சியக் கழுவு புள்ள."

ஞானா போகவில்லை. சுவரிலிருந்த அந்த வெறும் கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். 'இதுவும் என்னுடைய வழக்கமான கவலைதானோ? சொன்னால் சிரிப்பார்களோ?' என்று யோசித்தாள். சிரித்தால் சிரிக்கட்டும் என்று முடிவு செய்தாள்.

அப்பா வேட்டி கட்டி, நெற்றி நிறைய விபூதியோடு வந்தார்.

"அப்பா, பதினாலாம் நம்பர கடசியா எங்க வச்சீங்க?"

"எங்க வச்சேன்னு என் கை..." என்று சிரித்துக்கொண்டே ஆரம்பித்தவர் பாதியில் நின்றார். சிரிப்பு முகத்தை விட்டுப் போனது. "பாயிஸோட எஞ்சினுக்கு மேல வச்சேன். அம்மா கூப்பிட்டா... நான் சீட்டை மூடிட்டேன்."

"அது உள்ள கிடந்தா என்னப்பா ஆகும்?"

"பெல்ட்டுல விழுந்தா பெல்ட் அந்துரும். அது பரவால்ல. ஆனா ஆக்சிலேட்டர் கிட்டப் போய்ச் சிக்கிச்சுன்னா..." என்றபடி அப்பா தன் போனைத் தேடினார்.

மீதியை அவர் சொல்லத் தேவையும் இல்லை. மடுல்கெல்லை மலை வீதியின் வளைவுகள் ஞானாவுக்குத் தெரியும். ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்த பிறகும் வேகம் குறையாத ஒரு வேனை அவள் நினைத்துப் பார்த்தாள். அதற்குள் புத்தாடை போட்ட பிள்ளைகள்.

அப்பா பாயிஸ் நானாவுக்கு போன் எடுத்தார். மணி அடித்தது. அவர்களுடைய முதுகுக்குப் பின்னாலேயே அடித்தது! புது மேசையின் ஓரத்தில், சார்ஜில் போட்டபடி பாயிஸ் நானாவின் போன் ஆடிக்கொண்டிருந்தது.

"இவனும் என்னை மாதிரியே!" என்று தலையில் அடித்துக்கொண்டார் அப்பா. "நான் ஒரு ஓட்டோவப் புடிச்சுப் பின்னாலயே போறேன்."

"அவரு போயி எவ்வளவு நேரமாச்சு? எங்க புடிப்பீங்க?" என்று கேட்டார் அம்மா.

ஞானா கண்ணை மூடிக்கொண்டாள். பயமாக இருந்தது. ஆனால் பயப்படுவது அவளுக்குப் புதிதல்லவே! பயந்துகொண்டே யோசிக்க அவளுக்கு நன்றாகத் தெரியும். பாயிஸ் நானா எங்காவது நிறுத்துவாரா? தேநீருக்கு? பெற்றோலுக்கு?

"அஸர்!" என்று கத்தினாள். "அப்பா, பாயிஸ் நானா பின்னேர அஸர் தொழுகைய விடவே மாட்டாரு. நாங்க வேனுக்குள்ள இருந்தாலும், 'ரெண்டு நிமிசம் புள்ளைகளே'ன்னு சொல்லிட்டுப் பள்ளிவாசலுக்குள்ள போவாரு. இப்ப அந்த நேரம்தான். மலை ஏற முந்தி எங்க பள்ளிவாசல் இருக்கு?"

"வத்தேகமயில இருக்கு" என்றார் அப்பா. "ஆனா அங்க யார எனக்குத் தெரியும்?"

"றம்லத் ஆன்ட்டிக்குத் தெரிஞ்சிருக்கும்ல?"

றம்லத் ஆன்ட்டி பாயிஸ் நானாவின் மனைவி. வேன் வரப் பிந்தினால் கேட்பதற்காக அம்மா அவருடைய நம்பரை வைத்திருந்தார். உடனே போன் எடுத்தார்.

"ஐயோ றம்லத்! ஒங்க வீட்டுக்காரரோட வேன்ல..." அதற்குள் அம்மாவுக்கு அழுகை வந்துவிட்டது.

ஞானா மெதுவாகப் போனை வாங்கினாள். கெட்ட செய்தியை எதிர்பார்த்துக்கொண்டு நிற்பது எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியாதா என்ன? அதனால் நல்லதை முதலில் சொன்னாள்.

"ஆன்ட்டி, நான் ஞானா. பாயிஸ் நானாவுக்கு ஒன்னும் ஆகல. அவரு வத்தேகமப் பள்ளிவாசல்ல நிப்பாருன்னு நெனைக்கிறோம். வேனுக்குள்ள ஒரு ஸ்பேனர் மறந்து போச்சு. அதை எடுக்காம வேனை ஓட்டக் கூடாது. அவரோட போன் இங்க இருக்கு. வத்தேகமயில ஒங்களுக்கு யாரையாவது தெரியுமா?"

"என்ட தம்பி பஹ்மி பள்ளிக்குப் பக்கத்துலதான் கடை வச்சீக்கிறான். இப்பவே அவன்ட்ட செல்றன் மகள். நீங்க வைங்க" என்றார் றம்லத் ஆன்ட்டி.

பிறகு காத்திருப்பது மட்டும்தான் மிச்சம். அது எல்லாவற்றையும் விடக் கொடுமையாக இருந்தது. அப்பா கராஜுக்கு உள்ளேயும் வெளியேயும் நடந்தார். அம்மா சந்தனக் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு, எதற்கும் பொட்டு வைக்காமல் நின்றார். ஒருவரும் ஞானாவைப் பார்த்துச் சிரிக்கவில்லை. 'தொழுகை முடிந்து போயிருந்தால்? இன்றைக்கென்று பார்த்து வேறு இடத்தில் நிறுத்தியிருந்தால்?' அவள் மனது ஓடிக்கொண்டே இருந்தது.

போன் அடித்தது. அப்பா பாய்ந்து எடுத்தார். ஞானா அவருடைய கையோடு காதை ஒட்டிக்கொண்டாள்.

"பழனி! என்னப்பா இது?" பஹ்மியின் போனில் பாயிஸ் நானாவின் குரல்! "தொழுதுட்டு வந்து வேன்ல ஏறிச் சாவியப் போடுறன். பள்ளி ஸ்பீக்கர்ல என்ட பேரைச் செல்றாங்க! 'கண்டியிலிருந்து வந்த வேன் சாரதி பாயிஸ் அவர்கள் தயவுசெய்து வேனை எடுக்க வேண்டாம். எஞ்சினுக்குள் ஸ்பேனர் இருக்கிறது'ன்னு. இப்ப ஊரே என்ட வேனைச் சுத்தி நிக்கிது!"

"பாயிஸ், சீட்டைத் தூக்கிப் பாத்தியா?"

"பாத்தன்." பாயிஸ் நானாவின் குரல் இறங்கியது. "ஆக்சிலேட்டர் வயருக்குப் பக்கத்துலயே ஈக்கி பழனி. இன்னும் கொஞ்சம் நகர்ந்தீந்தா சிக்கியீக்கும்."

அப்பா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். புது வேட்டி எண்ணெயில் பட்டதை அம்மா பார்த்தார். கோபப்பட மறந்துவிட்டார்.

"என் பிழைதான் பாயிஸ். நீ எங்கயும் போகாத. நான் கழட்டின நட்டுகள திருப்பி இறுக்கினேனா இல்லியான்னே இப்ப எனக்கு நிச்சயமில்ல. வந்து பாக்குறேன்."

அதற்குள் அம்மா, பொட்டு வைத்த ஸ்பேனர்களில் நான்கைந்தைச் சுவரிலிருந்து கழற்றி அப்பாவின் கையில் கொடுத்தார்.

"பூசைக்கு வச்சதும்மா இது!" என்றாள் ஞானா.

"சாமிகிட்ட நான் சொல்லிக்கிறேன். அங்க புள்ளைங்க வரக் காத்துக்கிட்டிருக்கு. போங்க!"

அப்பா ஓட்டோவில் போனார். ஒரு நட்டு உண்மையாகவே தளர்ந்திருந்ததாம். அதை இறுக்கிவிட்டு, மற்றவற்றையும் பார்த்துவிட்டு அனுப்பினார். வேன் மலை ஏறியது. கல்யாணக்காரர்கள் ஏறினார்கள். பத்திரமாகக் கீழே இறங்கினார்கள். வழியில் ஒரு குழந்தை வாந்தி எடுத்ததைத் தவிர வேறொன்றும் நடக்கவில்லை.

அன்றைய பூசை நல்ல நேரமெல்லாம் தாண்டித்தான் நடந்தது. அம்மா கற்பூரம் ஏற்றினார். அவல் கடலை வழக்கத்தைவிட ருசியாக இருந்ததாக ஞானா நினைத்தாள்.

மறுநாள் விஜயதசமி. பூசைக்குப் பிறகு புது மேசையில் முதல் வேலை. பாயிஸ் நானாவே வேனைக் கொண்டு வந்திருந்தார். "எல்லாத்தையும் ஒருக்கா ஆறுதலாப் பாரு. இன்டைக்கி எனக்கு எந்த அவசரமும் இல்ல" என்றார்.

அப்பா பொறுமையாகப் பார்த்தார். கைகளைத் துடைத்தார். சீட்டை மூடப் போனவர் மூடவில்லை. வேன் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு திரும்பினார்.

பாயிஸ் நானா கையை நீட்டினார். அப்பா சாவியை அவரிடம் கொடுக்கவில்லை.

"ஞானா, வேன் போகட்டுமா?" என்று கேட்டார்.

ஞானா மேசைக்கு முன்னால் போய் நின்றாள். சுவரிலிருந்த வெள்ளைக் கோடுகளை ஒரு முனையிலிருந்து மறு முனை வரை பார்த்தாள். பிறகு மறு முனையிலிருந்து திரும்பவும் பார்த்தாள். அப்பாவும் பாயிஸ் நானாவும் மூச்சு விடாமல் நின்றார்கள். அவளை அவசரப்படுத்த அந்தக் கராஜில் இனி ஒருவருக்கும் துணிவு வராது.

"ம். இப்ப போகலாம்" என்றாள் ஞானா.