நடுப்புள்ளி

பனிவண்டி கிளம்ப ஐம்பத்து மூன்று மணி நேரம் இருந்தது. வியாழனின் நிலவான காலிஸ்டோவில், குடியிருப்பின் உணவுக்கூடத்தில் வழக்கம்போல எல்லாரும் கையில் தட்டோடு சுவரைப் பார்த்து நின்றார்கள்.

சுவரில் அணுக்கப்படம். குடியிருப்பில் எத்தனை பேரோ அத்தனை புள்ளிகள். அன்று காலைதான் புதிதாகக் கணக்கிட்டிருந்தார்கள். யார் புள்ளி யாருக்கு அருகில் இருக்கிறதோ, அவர்கள் ஒரே மேசையில் உட்கார வேண்டும். தண்ணீர்ப் பிரிவில் வேலை பார்க்கும் ஒரு கணவனும் மனைவியும் ஒரே இரவில் படத்தில் மூன்று விரற்கடை விலகியிருந்தார்கள். அவர்கள் சண்டை போடவில்லை, அழவும் இல்லை. மனைவி தன் குழம்புக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு கோடி மேசைக்குப் போனாள். கணவன் அவளுக்கு வழிவிட்டு, தன் மேசைக்குப் புதிதாக வந்தவர்களைப் பார்த்துத் தலையசைத்தான்.

எபினேசர் சுவரைப் பார்க்கவில்லை. அவன் புள்ளி எட்டு வருடங்களாக நகர்ந்ததே இல்லை. படத்தின் நட்டநடுவில் இருந்தது. அதன்மேல் இம்மிகூடப் பிசகாமல் இன்னொரு புள்ளி உட்கார்ந்திருந்தது. அது அமுதினியுடையது. அந்தப் படத்தை வரைகிறவளே அவள்தான்.

குடியிருப்பில் வந்திறங்கும் ஒவ்வொருவரின் காதுக்குப் பின்னாலும் கடுகளவு பதிவான் ஒன்றைப் பதிப்பார்கள். எதற்கு நாடி துடிக்கிறது, எந்தக் குரலுக்குத் தலை திரும்புகிறது, எதைப் பார்த்தால் தூக்கம் கெடுகிறது என்று இருநூறு குணங்களை அது அளந்துகொண்டே இருக்கும். இரண்டு பேரின் எண்களை ஒப்பிட்டால் அவர்களுக்கு இடையே உள்ள தூரம் கிடைக்கும். எல்லாத் தூரங்களையும் ஒரே தாளில் அடக்கினால் அதுதான் அணுக்கப்படம். பூமியில் முதலில் சந்திக்கிறவர்கள் எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்டுக்கொள்வார்களாம். பள்ளியில் அந்தப் பாடம் வந்தால் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். இங்கே கேட்பது ஒன்றே ஒன்றுதான். நமக்குள் எவ்வளவு தூரம்? அதற்குப் பதில் தெரிந்துவிட்டால் வேறெதுவும் கேட்பதில்லை. அருகில் இருப்பவரைக் கேள்வி கேட்பது அவமரியாதை. படத்தை நம்பவில்லை என்று அதற்கு அர்த்தம்.

பனி துளைக்கும் குழுவில் எபினேசரின் கூட்டாளி சாகுல் எதிரில் வந்து உட்கார்ந்தான்.

"என்னவே, ஜீரோ மாப்பிள்ளை," என்றான். "பொண்ணு பாக்கல, பூ வைக்கல, நேரா குடித்தனம். ஆறு வருசம். சண்டை போடக்கூட விசயம் இருக்காதே, என்னதாம்ல பண்ணுவிய ரெண்டு பேரும்?"

"வேலை இருக்கும்," என்றான் எபினேசர்.

"வேலை பாக்கவால போற," என்று சாகுல் அவன் தட்டிலிருந்து அப்பளத்தை எடுத்துக்கொண்டான்.

காலிஸ்டோவின் மறுபக்கத்தில் இரண்டே பேர் ஆறு வருடம் தங்கும் ஆய்வுக்கூடம் ஒன்று தயாராகியிருந்தது. பனிவண்டி போவது அங்கேதான். குடியிருப்பின் வானத்தில் வியாழன் எப்போதும் ஒரே இடத்தில் தொங்கிக்கொண்டிருக்கும். மறுபக்கத்தில் அது கிடையாது. வெறும் இருட்டும் பனியும்தான். அங்கே யாரை அனுப்பினாலும் ஒருவர் கழுத்தை ஒருவர் நெரித்துக்கொள்வார்கள் என்று நிர்வாகக் குழுவினர் பயந்தார்கள். பிறகு ஒருவர் படத்தின் நடுவைக் காட்டினார். தூரமே இல்லாதவர்கள் எதற்காகச் சண்டை போடப்போகிறார்கள்? அதோடு பேச்சு முடிந்தது.

அந்தச் செய்தியைக் கேட்ட நாளிலிருந்து எபினேசருக்குச் சோறு இறங்கவில்லை. பல வருடங்களாக அவன் மனதுக்குள் வேண்டிக்கொண்டது அவளோடு இருப்பதைத்தான். அதற்குத் தான் தகுதியில்லாதவன் என்பதும் அவனுக்குத் தெரிந்திருந்தது.

பதிவானை எழுப்ப ஒரு வழக்கம் உண்டு. அது முதலில் ஒரு கேள்வி கேட்கும். 'யாருக்காக ஏங்குகிறீர்கள்?' வாய்விட்டுப் பதில் சொன்னால் அது விழித்துக்கொள்ளும். சொல்லும்வரை தூங்கும். வந்திறங்கிய அன்று எபினேசர் வெகுநேரம் யோசித்தான். அம்மா இறந்து பல காலம் ஆகியிருந்தது. வேறு யார் பெயரும் வாயில் வரவில்லை. யாருமில்லை என்று சொல்லக் கூச்சமாக இருந்தது. அப்புறம் சொல்கிறேன் என்று முணுமுணுத்தான். பசியிலிருந்த பணியாளர் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்.

மறுநாள் பார்த்தால் அவன் புள்ளி நடுவில் இருந்தது. எல்லாருக்கும் ஏறக்குறைய ஒரே அளவு அருகில். அன்றிலிருந்து எந்த மேசையிலும் அவனுக்கு இடம் கிடைத்தது. முன்பின் பார்க்காதவர்கள் வந்து அவனிடம் மனக்குறையைக் கொட்டினார்கள். உன்னிடம் சொன்னால்தான் ஆறுதல் என்றார்கள். அவன் கேட்டுக்கொண்டிருந்தான். பதிலுக்கு அவனைப் பற்றி யாரும் எதையும் கேட்கவில்லை. தான் ஏன் நடுவில் இருக்கிறோம் என்பது அவனுக்கும் புரியவில்லை.

அமுதினிதான் ஒருநாள் அதை விளக்கிவிட்டாள்.

வாரம் ஒருமுறை அவள் உணவுக்கூடத்தில் தன் வேலையைப் பற்றிப் பேசுவாள். பத்துப் பேர் வந்தால் அதிகம். எபினேசர் ஒன்றைக்கூடத் தவறவிட்டதில்லை. ஒருவாரம் பனித்துண்டுகளில் உள்ள உப்புகள், ஒருவாரம் குடியிருப்புக்காரர்களின் பேச்சு வழக்குகள், ஒருவாரம் சமையலறையின் பன்னிரண்டு வகைச் சாம்பார். எல்லாவற்றுக்கும் அவள் ஒரே கணக்கைத்தான் போட்டாள். ஊர்களுக்கு இடையே உள்ள தூரத்தை மட்டும் சொன்னால் நாட்டின் படத்தை வரைந்துவிடலாம், வடக்கு எது என்றுதான் தெரியாது என்பாள். இருநூறு குணங்களைத் தாளின் இரண்டு திசைகளுக்குள் தட்டும்போது கொஞ்சம் நசுங்கத்தான் செய்யும் என்றும், அந்த நசுங்கலுக்கும் ஓர் எண் உண்டு என்றும் சொல்வாள். அந்த எண்ணை யாரும் கேட்டதில்லை.

அன்றைக்குப் பாசிகளைப் பற்றிப் பேசினாள். ஒரு பாசியைப் பற்றி எந்த அளவும் கிடைக்காவிட்டால் என்ன செய்வது? மற்றவற்றின் சராசரியைப் போட்டு நிரப்புவோம் என்றாள். அது படத்தின் நடுவில் போய் உட்கார்ந்துகொள்ளும். யாருக்கும் தொந்தரவு இருக்காது. பார்க்கிறவர்களுக்கு எல்லாப் பாசிக்கும் சொந்தம் மாதிரித் தெரியும், ஆனால் அதைப் பற்றி நமக்கு ஒன்றுமே தெரியாது.

எபினேசர் காதுக்குப் பின்னால் தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

அதற்குப் பிறகும் அவன் வாய் திறக்கவில்லை. பதிவானின் கேள்விக்கு இப்போது அவனிடம் பதில் இருந்தது. அந்தப் பெயரைச் சொன்ன கணமே அது விழித்துக்கொள்ளும், புள்ளி நகர்ந்துவிடும். எங்கே போய் விழுமோ. அவளோடு ஒரே மேசையில், ஒரு சொல்லும் பேசாமல் சாப்பிடுவதாவது அவனுக்கு மிஞ்சியிருந்தது. அதை இழக்க அவனுக்கு மனம் வரவில்லை.

ஆனால் ஆறு வருடம் என்பது வேறு. படத்தை நம்பி, உண்மையில் யாரென்றே தெரியாத ஒருவனோடு அவள் இருட்டுக்குள் போகப்போகிறாள். வேலை முடிந்ததும் அவன் கணக்கீட்டு அறைக்கு நடந்தான்.

அமுதினி பனித்துண்டுகள் இருந்த பெட்டிகளைக் கட்டிக்கொண்டிருந்தாள். அவனைப் பார்த்ததும் ஒரு முக்காலியைத் தள்ளிவிட்டாள். அவன் உட்காரவில்லை.

"உங்களுக்கு டீ பிடிக்குமா, காப்பியா?" என்றான்.

அவள் கை நின்றது. எட்டு வருடங்களில் அவளை யாரும் அப்படி எதையும் கேட்டதில்லை.

"டீ," என்றாள் மெதுவாக. "இஞ்சி போடாம."

"எனக்கு இஞ்சி வேணும்."

"அப்ப ரெண்டு தடவ போடணும்," என்றாள் அவள். சிரிப்பு வந்துவிடாமல் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

அவன் முக்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னான். வந்திறங்கிய நாள், பசியிலிருந்த பணியாளர், தூங்கும் பதிவான். தன் வரிசையில் இருக்கும் எண்களில் ஒன்றுகூடத் தன்னுடையது இல்லை என்றான். இப்போதே நிர்வாகக் குழுவிடம் சொல்லிவிட்டால் வேறு ஆளைப் பார்க்க நேரம் இருக்கிறது என்றான். பெயரை மட்டும் சொல்லவில்லை.

அவள் பெட்டியின் வாரை இழுத்து முடிச்சுப் போட்டாள்.

"தெரியும்," என்றாள். "படம் போடுறவளுக்குத் தெரியாதா? அந்தப் பாசிக் கதைய யாருக்குச் சொன்னேன்னு நினைச்சீங்க?"

எபினேசர் முக்காலியில் உட்கார்ந்துவிட்டான். "அப்ப ஏன் யார்ட்டயும் சொல்லல?"

அவள் அடுத்த பெட்டியை இழுத்தாள். சன்னலுக்கு வெளியே வியாழன் அதே இடத்தில் தொங்கியது. உணவுக்கூடத்தில் இரவுச் சாப்பாட்டுக்குத் தட்டுகள் அடுக்கும் சத்தம் கேட்டது.

"அது முழிச்சுட்டா நா எங்க போய் விழுவேனோ தெரியாது," என்றான் அவன். "உங்க பக்கத்துல இருக்காது. உங்க இடம் வேற. நிசமாவே எல்லாருக்கும் நெருக்கமா, நடுவுல இருக்கறவங்க நீங்க."

அமுதினியின் கை காதுக்குப் பின்னால் போய் அங்கேயே நின்றது.

"நடுவுல யாருமே இல்ல, எபி," என்றாள். "என்னையும் அது அதே கேள்விதான் கேட்டது. என்னோடதும் இன்னிக்கு வரைக்கும் முழிக்கல."