ஏழாம் கட்டிலின் நாடி

அந்தப் பழைய ஆஸ்பத்திரிக் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. மூன்றாவது மாடி வார்டுக்குக் காலை ஷிஃப்டுக்கு வந்த நர்ஸ், இரண்டாவது மாடியிலேயே படியில் உட்கார்ந்துவிட்டாள். நெஞ்சு படபடத்தது. தலை சுற்றியது. விரல் நுனிகள் மரத்துப் போயிருந்தன.

எட்டு மாதமாக இதே கூத்து. இ.சி.ஜி., எக்கோ, தைராய்டு எல்லாம் பார்த்தாயிற்று. எல்லாம் நார்மல். அந்தச் சொல்லைக் கேட்டாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உடம்பில் ஒன்றுமில்லை, பதட்டம்தான் என்றார் டாக்டர். அப்படியென்றால் ஈரச் சாக்கு மாதிரி கனக்கிற இந்தக் கால்கள் யாருடையவை? வீட்டுக்காரர் அதற்கும் மேலே. "எதையும் போட்டுக் குழப்பிக்காதே" என்று சொல்லிவிட்டு, அடுத்த நிமிடமே குறட்டை விடுவார்.

நாலு எண்ணி மூச்சை இழுத்து, ஆறு எண்ணி விட்டு, ஒருவழியாக மேலே போய்ச் சேர்ந்தபோது பதினைந்து நிமிடம் தாமதம். இரவு நர்ஸ் நோயாளிகளின் பட்டியலை மேசையில் வைத்துவிட்டுக் கிளம்பியிருந்தாள்; அதில் ஏழாம் எண்ணுக்கு எதிரே இருந்த கிறுக்கல் புரியவில்லை. விவரம் கேட்பதென்றால் பெரிய சிஸ்டரிடம்தான் கேட்க வேண்டும். இன்னொரு தப்பு நடந்தால் வார்டை விட்டுத் துணிக்கிடங்குக்கு அனுப்பிவிடுவேன் என்று போன வாரம்தான் அவர் எச்சரித்திருந்தார். பன்னிரண்டு வருட வேலை. அவள் கேட்கவில்லை.

மானிட்டர் பழுது என்பதால் நாடியைக் கையால்தான் எண்ண வேண்டும். ஒவ்வொரு கட்டிலாக எண்ணிக்கொண்டே போனாள். ஏழாம் கட்டில் மூலையில் திரைக்குப் பின்னால் இருந்தது. அந்த நோயாளியின் நாடியை வழக்கமாகப் பெரிய சிஸ்டரே எண்ணுவார்; இன்று தாளில் காலைக் கணக்கு எழுதாமல் இருந்தது. அங்கே பினாயில் வாசனைக்கு அடியில் வேறொரு வாசனை, வெகுநாள் பூட்டிக் கிடந்த அறையினுடையது. ஒரு பெரியவர் கண்மூடிப் படுத்திருந்தார்.

அதற்குள் அவளுடைய விரல்கள் சுத்தமாக மரத்துவிட்டன. அவர் மணிக்கட்டில் ஒன்றும் தெரியவில்லை. கட்டை விரலை வைத்து அழுத்தினாள். தெரிந்தது. நூற்றுப் பதினெட்டு. அவர் கை சில்லென்றிருந்தது. அவளுடைய கையும் எப்போதும் ஐஸ்தான், அதனால் அதைப் பெரிதாக நினைக்கவில்லை.

"மெதுவா எண்ணும்மா," என்றது ஒரு குரல். "எனக்கொண்ணும் அவசரமில்ல."

அவர் உதடு அசைந்ததா என்று அவள் கவனிக்கவில்லை. அவருடைய விரல்கள் அவள் இடது மணிக்கட்டைச் சுற்றி மூடின.

பயமாக இல்லை. அதுதான் விசித்திரம். எட்டு மாதத்தில் முதல்முறையாக நெஞ்சு அடங்கியது.

எட்டு மணிக்கு மறுபடி போனாள். நூற்று நான்கு. ஒன்பது மணிக்குத் தொண்ணூறு. பெரியவர் தேறி வருகிறார் என்று அவளுக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

பத்து மணிக்குப் பெரிய சிஸ்டர் வந்து ஏழாம் கட்டிலின் தாளைப் பார்த்தார். அவளைத் திரைக்குள் இழுத்தார்.

"யாரு இதை எழுதினது?" குரல் கிசுகிசுப்பாக வந்தது.

"நான்தான் சிஸ்டர்."

"அவர் காலைல அஞ்சரைக்கே போயிட்டாரும்மா. மகன் வந்து பாக்கணும்னு வச்சிருக்கோம். மூஞ்சிய மூடியிருந்த துணிய யாரு எடுத்தது?"

"மூடலியே சிஸ்டர்."

பெரிய சிஸ்டர் தாளையும் அவளுடைய கையையும் மாறி மாறிப் பார்த்தார். "கட்டை விரலால எண்ணினியா?"

அவள் தலையாட்டினாள்.

"கட்டை விரலுக்குன்னு தனி நாடி ஓடும். முதல் வருஷப் பாடம் இது. நீ எண்ணினது அவரை இல்ல, உன்னை."

"அவர் பேசினாரு. இந்தக் கையைப் பிடிச்சாரு."

"பதட்டம்," என்றார் பெரிய சிஸ்டர். "துணிக்கிடங்குல கொஞ்ச நாள் இரு. சரியாயிடும்."

அவ்வளவுதான், முடிந்துவிட்டது. பேயே பக்கத்தில் வந்து உட்கார்ந்தாலும் இவர்கள் பதட்டம் என்றுதான் எழுதுவார்கள். அவளுக்குக் கத்த வேண்டும்போல் இருந்தது. கத்தினால் அதையும் அறிகுறிகளில் சேர்த்துக்கொள்வார்கள்.

"அப்ப நீங்களே பாருங்க," என்று இரண்டு கைகளையும் நீட்டினாள்.

பெரிய சிஸ்டர் சலித்துக்கொண்டே வலது மணிக்கட்டில் மூன்று விரல்களை வைத்தார். "நூத்திப் பதினெட்டு. காலைல முதல்ல இதைத்தான் எழுதி வச்சிருக்கே." பிறகு இடது கையைப் பிடித்தார்.

எண்ண ஆரம்பித்தார்.

நிறுத்தினார்.

விரல்களை எடுத்து, சேலையில் துடைத்துவிட்டு, மறுபடி வைத்தார்.

வலது கை ஓடிக்கொண்டிருந்தது. இடது கை நடந்துகொண்டிருந்தது. மூன்று அடித்து, ஒன்றை விட்டு, மறுபடி மூன்று. ஏழாம் கட்டிலில் பதினோரு நாள் பெரிய சிஸ்டர் தன் கையாலேயே எண்ணி எழுதிய நாடி அது. அந்த விடுபட்ட ஒன்றுக்காகத்தான் அந்த மனிதரை வார்டில் சேர்த்திருந்தார்கள்.

"சொல்லுங்க சிஸ்டர்," என்றாள் நர்ஸ். "இதுவும் பதட்டம்தானா?"

பெரிய சிஸ்டரின் உதடுகள் எண்ணிக்கொண்டே இருந்தன.