ஒன்பது தர்பூசணிகள்

காலை ஏழரைக்கு உறுதிநகர் உணவுக்கூடத்தின் பலகையில் அன்றைய செய்திகள் ஒளிர்ந்தன. பொங்கலில் ஆளுக்கு மூன்று முந்திரி. மழை நாலு மணிக்கு. மாலையில் காட்டப்போகும் கிரிக்கெட் ஆட்டத்தில் மதுரை ஏழு ரன்னில் தோற்கும். எஸ்கலின் தட்டைக் கிளறி எண்ணினாள். மூன்றேதான்.

தூத்துக்குடிக்குத் தெற்கே இருந்த அந்தக் குடியிருப்பில் எதுவும் தற்செயலாக நடக்காது. சூதாட்ட நோய்க்குச் சிகிச்சை பெறுகிறவர்கள் அங்கே தங்கி, நிச்சயத்துக்கு மூளையைப் பழக்க வேண்டும். உள்ளே எத்தனை மணி என்று ஊகிக்கக் கூடாதென்று பட்டாணிகூட உரித்துத்தான் வரும். எஸ்கலின் வந்து பதினோரு மாதம். தம்பி தாலி கட்டும் நேரத்தில் கழிவறையில் கைப்பேசிச் சீட்டாட்டத்தோடு உட்கார்ந்திருந்தவள் அவள்.

இன்று அவளுக்குச் சோதனை. தேறினால் கணவன் ஜெபஸ்டினோடு வீட்டுக்குப் போகலாம். தவறினால் இன்னும் மூன்று மாதம்.

"மூஞ்சிய அசைக்காத. சோதனைத் திரையில அந்தக் கோடு எந்திரிச்சா போச்சு" என்றார் எதிரே இருந்த ஆவுடையப்பன். மின்வாரியத்தில் வேலை பார்த்தவர். இங்கே வந்த பிறகும் எந்தப் பல்லி முதலில் பூச்சியைப் பிடிக்கும் என்று பந்தயம் கட்டி இரண்டு தடவை மாட்டியவர். அவர் சொல்லித்தான் எல்லோரும் சாயங்காலம் கல் மாதிரி உட்கார்ந்து பழகினார்கள்.

சோதனை அறையில் ஒரு மேசை, ஒரு கத்தி, ஒன்பது தர்பூசணிகள். மனசின் ஆவலைத் திரையில் கோடாகக் காட்டும் ஆவல்மானியை டாக்டர் மாசானமுத்து அவள் காதுக்குப் பின்னால் ஒட்டினார். ஜெபஸ்டின் சுவரோரமாக நின்றான்.

"எதையும் ஸ்கேன் பண்ணலம்மா. உள்ள செவப்பா, வெளுப்பான்னு எனக்கே தெரியாது. எத்தன வேணாலும் வெட்டலாம்."

எஸ்கலின் ஒரு பழத்தைத் தட்டினாள். பதினோரு மாதத்துக்குப் பிறகு விடை தெரியாத ஒரு பொருள் அவள் கையில் இருந்தது. கல்லாக இருக்க நினைத்தாள். திரையில் கோடு துள்ளி எழுந்தது.

"போச்சு" என்றாள்.

"எது போச்சு? எந்திரிக்கணும். செத்தவங்களுக்குத்தாம்மா கோடு படுத்துக் கெடக்கும்." டாக்டருக்கு விளக்குவதென்றால் கொண்டாட்டம், நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். "இது டோபமைன். ஜெயிச்ச பொறவு வர்றதுன்னு எல்லாரும் நெனைக்காவ. கெடைக்குமா கெடைக்காதான்னு சரிபாதியா இருக்குல்ல, அந்தக் காத்திருப்புலதான் அது நல்லா ஏறும். சாமி குடுத்த சொத்து. இல்லன்னா எவன் கடலுக்குப் போவான்? வெட்டுங்க."

அவள் வெட்டினாள். வெள்ளை. நட்டநடுவில் மட்டும் உள்ளங்கை அகலத்துக்கு இளஞ்சிவப்பு.

கோடு இன்னும் உயரே போனது. அவள் விரல்கள் கத்தியை இறுக்கின.

"தோத்ததுக்கு ஏன் ஏறுது டாக்டர்?"

"தோத்ததா அது நெனைக்கல. மயிரிழையில ஜெயம் தப்பிப்போனா, மூளை அதப் பாதி ஜெயிச்சதாவே எழுதிக்கிடும். ஒங்க கைப்பேசி ஆட்டத்த செஞ்சவனுக்கு இது நல்லாத் தெரியும். அதான் மயிரிழைய அடுக்கி அடுக்கி வச்சான்."

ஜெபஸ்டின் சுவரை விட்டு மேசைக்கு வந்தான். இரண்டாவது பழத்தைத் தட்டினான், மூன்றாவதைத் தட்டினான்.

"ஏட்டி, இது நல்லா டொம்டொம்முங்குது. செவப்புதான். இன்னொண்ணு வெட்டிப் பாப்பம்."

அவன் வாழ்நாளில் சீட்டைத் தொட்டதில்லை. ஆனாலும் அவன் கண்ணில் இருந்த மினுக்கம் எஸ்கலினுக்குத் தெரிந்தது. தனக்கு மட்டும் வந்த பிசாசு என்று இத்தனை நாள் நினைத்திருந்தாள். எல்லோருக்கும் உள்ளதுதான் அது. தன்னிடம் பழுதாகியிருந்தது நெற்றிக்குப் பின்னால் இருந்து அதை அடக்கும் பிரேக்.

அந்தப் பிரேக்கை மெல்ல அழுத்திப் பார்த்தாள். நெஞ்சு அடித்துக்கொண்டேயிருந்தது. மூன்றாவது பழம் கையெட்டும் தூரத்தில் இருந்தது. கத்தியைக் கீழே வைத்தாள்.

"இத மொதல்ல திம்போம்" என்றாள். "உப்பும் மொளகாப்பொடியும் இருக்கா டாக்டர்?"

டாக்டர் ஓடிப்போய்ச் சமையற்கட்டிலிருந்து வாங்கி வந்தார். மூவரும் நின்றபடியே தின்றார்கள். வெள்ளரிக்காய்க்கும் சுரைக்காய்க்கும் நடுவில் என்னவோ ஒரு ருசி. ஜெபஸ்டின் முகத்தைச் சுளித்தான். எஸ்கலின் சிரித்ததில் அவளுக்குப் புரையேறியது. திரையில் கோடு யாரும் தள்ளாமல், தானாக, படிப்படியாக இறங்கிக்கொண்டிருந்தது.

"ஏறுனத நாங்க பாக்க மாட்டோம்மா" என்று டாக்டர் கையெழுத்துப் போட்டார். "எறங்குறதத்தான் பாப்போம். வீட்டுக்குப் போங்க."

வாசலில் ஜெபஸ்டின் திரும்பினான். "மிச்சம் எட்டுல எது செவப்புன்னு மட்டும் பாத்துட்டு வந்துருதேன்."

எஸ்கலின் அவன் கையைப் பிடித்து இழுத்தாள். "தெரியாமலே வாரும்" என்றாள். "அது இன்னும் ருசியா இருக்கு."