தெரிந்தவர்

சனிக் கோளைச் சுற்றிவரும் 'நெய்தல்' என்ற உல்லாசக் கப்பல், டைட்டன் நிலவின் புதுக்கொற்கைத் துறைமுகத்தை அடைந்த காலையில், தனியாகப் பயணம் வந்திருந்த பெண்கள் நாற்பத்தொரு பேரும் வழக்கம்போல வரிசையில் நின்று தோளுக்கு மேல் ஆளுக்கொரு கண்ணைப் பொருத்திக்கொண்டார்கள். அந்தக் கண்ணுக்குத் துணைவிழி என்று பெயர். எலுமிச்சம்பழ அளவில் ஓர் உருண்டை. இடது தோளுக்கு ஒரு சாண் மேலே மிதந்துகொண்டே வரும். தெரியாதவர் எவராவது கைக்கெட்டும் தூரத்துக்கு நெருங்கினால் விசில் அடிக்கும். அதற்கும் மேல் நெருங்கினால் மின்னதிர்ச்சி கொடுத்துப் படுக்க வைத்துவிடும். அது இல்லாமல் எந்தப் பெண்ணும் தனியாகக் கரை இறங்க முடியாது.

கூடவே ஓர் அட்டையும் கொடுத்தார்கள். உள்ளூர்வாசிகளிடம் பேச்சுக் கொடுக்காதீர்கள். வழி தெரியாதவர்போல நின்று விழிக்காதீர்கள். சத்தமாகச் சிரிக்காதீர்கள். எங்கே போகிறீர்கள் என்பதைத் தெரிந்தவர் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். இப்படி இருபத்துநான்கு வரிகள். படிக்கப் படிக்கப் பொற்கொடிக்கு எரிச்சல் மண்டியது. அவளுக்கு வயது நாற்பத்தாறு. இந்த அட்டையின் ஏதோ ஒரு பதிப்பைப் பதினோரு வயதிலிருந்து யாராவது அவள் கையில் திணித்துக்கொண்டே இருந்தார்கள்.

அவள் பாளையங்கோட்டைக்காரி. வானிலை ஆய்வாளர். டைட்டனின் மேகங்களைத் திரையில் பார்த்தே இருபது வருடம் கழித்தவள். அங்கே பெய்வது தண்ணீர் அல்ல, திரவ மீதேன். ஈர்ப்பு குறைவு, காற்றோ கனம். அதனால் சுண்டைக்காய் அளவுத் துளிகள் அவசரமே இல்லாமல், ஆள் நடக்கிற வேகத்தில் இறங்கி வரும். அதை ஒருமுறை நேரில் பார்க்க வேண்டும். அதற்காகத்தான் ஏழு மாதப் பயணம். இந்த மழைக்காலம் முடிந்தால் அடுத்தது இருபத்தொன்பது வருடம் கழித்து. அப்போது அவளுக்கு எழுபத்தைந்து ஆகியிருக்கும்.

அட்டை பயமுறுத்திய அந்த உள்ளூர்வாசிகளைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். புதுக்கொற்கையில் மனிதர்களே கிடையாது. நாலாயிரம் சுமையர்கள்தான் ஊர். சரக்கு ஏற்றி இறக்கும் இயந்திரங்கள். காலனிகளுக்குப் போகும் ஆடு, கோழி, உறைபேழையில் தூங்கும் குடியேறிகள் என்று உயிருள்ள சரக்கும் அவற்றின் கைகளைத் தாண்டித்தான் போகும். அதற்காக ஒரு விதியை அழுத்தமாகப் பதிந்திருந்தார்கள்: உயிருள்ள சரக்கு மறுத்தால், பிடித்துவைத்திருப்பவர் யாரானாலும் அவர் பிடியிலிருந்து அதை விடுவித்துவிட வேண்டும். யார் யாருக்கு வேண்டியவர், யார் பெரிய மனிதர் என்ற விவரம் எதையும் அவற்றுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. ஆக, அன்று அந்த ஊரில் நடமாடிய ஆண்கள் அத்தனை பேரும் கப்பலிலிருந்து இறங்கியவர்களே. அட்டை எழுதிய புண்ணியவானுக்கு இது தோன்றவில்லை.

அப்படி இறங்கியவர்களில் ஒருவர் தணிகைவேல். வேலூர்ப் பக்கம், ஓய்வுபெற்ற பொறியாளர். சாப்பாட்டுக் கூடத்தில் பொற்கொடியின் மேசையில்தான் அவருக்கும் இடம். முதல் நாளே எந்த ஊர் என்று விசாரித்து, தன் பெரியம்மா மகளைப் பாளையங்கோட்டையில்தான் கொடுத்திருக்கிறது என்று கண்டுபிடித்து, அப்படியானால் நாம் ஒருவகையில் சொந்தம்தான் என்று மேசைக்கே அறிவித்துவிட்டார். பொற்கொடி மரியாதைக்குச் சிரித்து வைத்தாள். துணைவிழியின் மூளை கப்பலின் எல்லாக் கூடங்களிலும் காது வைத்திருந்தது. ஓர் ஊர்ப் பேச்சு, ஒரு சிரிப்பு, மூன்று வேளைச் சாப்பாடு. கணக்குச் சரி. அது அவரைத் 'தெரிந்தவர்' பட்டியலில் சேர்த்துக்கொண்டது. அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

காற்று அடைத்து மூடிய துறையின் கடைசியில் கண்ணாடிக் கூரை போட்ட மழைக்கூடம் இருந்தது. அங்கே போய்ச் சேரும்வரை, தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்த ஒவ்வொரு சுமையரைப் பார்த்தும் துணைவிழி விசில் அடித்து மானத்தை வாங்கியது. கூடத்தில் யாரும் இல்லை. செம்பழுப்பு வானம் தாழ்ந்து வந்திருந்தது. எந்த நிமிடமும் முதல் துளி விழும் என்று அவளுக்குத் தெரிந்தது. வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக அவள் நின்றதில்லை.

பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. துணைவிழி விசில் அடிக்கவில்லை.

"தனியா நிக்கறீங்களேன்னுதான் வந்தேம்மா. நீங்க இங்க இருக்கீங்கன்னு விழி செய்தி அனுப்பிச்சு," என்றார் தணிகைவேல். அட்டையின் நான்காவது அறிவுரையை அவள் சார்பில் விழியே நிறைவேற்றியிருந்தது.

"தனியா நிக்கதுக்குத்தான் சார் வந்தேன். நீங்க போங்க."

அவர் போகவில்லை. தோளில் கை போட்டார். அவள் உதறினாள். கை இடுப்புக்கு வந்து இறுக்கியது. இதற்கு மேல் அந்த ஆளுக்கு 'அவர்' போட எனக்கு மனம் வரவில்லை. நமக்குள் என்ன என்று சிரித்துக்கொண்டே அவளைக் கண்ணாடியோடு சேர்த்து நெருக்கினான். அவள் விழியைப் பார்த்துக் கத்தினாள். தெரிந்தவர்களுக்கு நடுவில் நடப்பது குடும்ப விவகாரம், அதில் தலையிடுவது நாகரிகம் அல்ல என்பது அதற்குக் கற்பித்த பாடம். அது மெல்லச் சுழன்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டது. தெரிந்தவர் உடன் இருக்கிறார், பயப்பட வேண்டாம் என்று இனிமையான குரலில் சொல்லவும் செய்தது.

"விடுங்க. வேண்டாம்னு சொல்லுதேன்லா," என்று அவள் அலறினாள்.

வெளியே பெட்டி அடுக்கிக்கொண்டிருந்த நாற்பதாம் எண் சுமையர் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு உள்ளே வந்தது.

"சரக்கு வேண்டாம் என்கிறது. கையை எடுங்கள்," என்றது. அவன் எடுக்கவில்லை. பெட்டியிலிருந்து கொக்கியைக் கழற்றுவதுபோல அவன் விரல்களை ஒவ்வொன்றாக, காயம் படாமல் கழற்றியது. அப்போதுதான் துணைவிழி விழித்துக்கொண்டது. தெரியாதவர் நெருங்கிவிட்டாரே! முழு வேகத்தில் மின்னதிர்ச்சியைச் செலுத்தியது, சுமையர் மேல். சுமையரின் வலக்கை கருகியது. மிச்சமிருந்த இடக்கையால் அது தணிகைவேலைத் தூக்கிச் சரக்குத் தட்டில் உட்காரவைத்து, பட்டை கட்டி, கப்பல் வாசலில் கொண்டுபோய் இறக்கிவிட்டு வந்தது. கூடத்தில் பொற்கொடி தரையில் உட்கார்ந்திருந்தாள். கூரைமேல் முதல் துளிகள் இறங்கியிருக்க வேண்டும். அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை.

விசாரித்தவர் கப்பலின் பாதுகாப்பு அதிகாரி அமலதாஸ். நல்ல மனிதர், தண்ணீர் கொடுத்து உட்காரச் சொன்னார். விழியின் பதிவைப் போட்டுப் பார்த்தார். அதில் பாதி நேரம் சுவர்தான் இருந்தது. பிறகு, உள்ளூர் இயந்திரம் ஒன்று மரியாதைக்குரிய பயணி ஒருவரைக் கட்டித் தூக்கிப்போகும் காட்சி துல்லியமாக இருந்தது.

"கைய வச்சது அந்தாளு. எடுத்துவிட்டது அது. இதுல நான் யாரைக் கண்டு பயப்படணும், சொல்லுங்க," என்று கேட்டாள் பொற்கொடி.

"பதிவுல அப்படி இல்லையேம்மா," என்றார் அமலதாஸ்.

மூன்றே நாளில் எல்லாம் முடிவாயிற்று. புதுக்கொற்கை பெண்களுக்கு ஆபத்தான துறைமுகம் என்று அறிவிக்கப்பட்டது. நாற்பதாம் எண்ணைப் பிரித்துப்போடச் சொல்லிக் கடிதம் போயிற்று. அட்டையில் இன்னும் ஆறு வரிகள் கூடின. டைட்டனின் கடைசித் துறைமுகமான வடகரையில் தனிப் பெண்கள் இறங்க இனி துணைவிழி மட்டும் போதாது, தெரிந்தவர் ஒருவரும் கூட வர வேண்டும்.

வடகரைக் காலையில் பொற்கொடி அமலதாஸின் மேசைமுன் நின்றாள். அன்று அங்கே மழை நிச்சயம் என்று அவளே கணித்திருந்தாள். துணை என்ற இடத்தில், வடகரைத் துறையின் சுமையர் யாராவது ஒருவர் என்று எழுதிக் கொடுத்தாள். அவர் வருத்தத்தோடு தலையசைத்தார். "முன்ன பின்ன தெரியாததை நம்பி உங்களை எப்படிம்மா அனுப்பறது?" பட்டியலில் அவளுக்கு இருந்தது ஒரே பெயர்தான். அந்தப் பெயரை அச்சிட்ட சீட்டை அவள் பக்கம் நகர்த்தினார். அந்த ஆள் ஏற்கெனவே தயாராகி, கீழே வாசலில் காத்திருப்பதாகவும் சொன்னார்.

பொற்கொடி சீட்டைத் தொடவில்லை. "நான் இறங்கலைன்னா?"

"அதைவிடப் பாதுகாப்பு வேற என்னம்மா இருக்கு?" என்றார் அமலதாஸ், மனதார.

அன்று வடகரையில் நாள் முழுவதும் மழை பெய்தது. தணிகைவேல் தனியாகத்தான் இறங்கினான். அவனை யாரும் எதுவும் கேட்கவில்லை.