மிச்சம் பிடிக்கும் கிருமி

செவ்வாய்க் கிரகத்தில், மருதம் குடியிருப்பில், காலை இட்லி வேண்டுமென்றால் முதலில் இரும வேண்டும். ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் ஒரு இருமல் குழாய் உண்டு. வாய் வைத்து மூன்று முறை இருமினால் பச்சை விளக்கு எரியும். தட்டு வெளியே வரும். எண்ணூறு பேர் ஒரே காற்றைச் சுற்றிச் சுற்றிச் சுவாசிக்கும் ஊர். அங்கே காசநோய் யாருடைய சொந்த விஷயமும் அல்ல.

தங்கதுரைக்குப் பன்னிரண்டு வாரமாக மஞ்சள் விளக்கு. வீடு தனிக் காற்றில் இருந்தது. தட்டு வந்தது, வெளியே போக அனுமதி வரவில்லை.

"முழுசா இருமுங்க. பூனை தும்முற மாதிரி இருக்கு" என்றாள் மனைவி புஷ்பலீலா.

"இருமல் நின்னே ஒரு மாசமாச்சு. இல்லாததை எங்கேயிருந்து கொண்டு வர்றது?"

பூமிக்கு அடுத்த கப்பல் ஒன்பதாம் நாள் புறப்படும். அதை விட்டால் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் காத்திருக்க வேண்டும். மதுரையில் அவர்கள் மகளுக்கு இது நிறைமாதம்; இந்தக் கப்பலில் போனால் தவழும் வயதிலாவது பேரக்குழந்தையைப் பார்க்கலாம். இருவருக்கும் இடம் போட்டாயிற்று. பெட்டி கட்டியாயிற்று. பச்சை விளக்குதான் பாக்கி.

இருமலில் கிருமி இருக்கிறதா என்று மட்டும் குழாய் பார்ப்பதில்லை. கிருமியின் வயிற்றில் எவ்வளவு கொழுப்பு இருக்கிறது என்றும் பார்க்கும். காசநோய்க் கிருமி, தான் குடியிருக்கும் உயிரணுவின் கொழுப்பை எடுத்துத் துளித்துளியாகத் தன்னுள் சேர்த்துக்கொள்ளும். பிறகு வளர்வதை நிறுத்திவிட்டு முடங்கிக் கிடக்கும். வளரும் கிருமியைக் கொல்லும் மருந்து, முடங்கிய கிருமியிடம் தோற்றுப்போகும். முன்னோர்கள் மாதக் கணக்கில் மாத்திரை விழுங்கியதற்கு இதுவும் ஒரு காரணம். மருதத்தில் அதற்கு வழி கண்டிருந்தார்கள். செம்மஞ்சள் மாத்திரை கிருமியைச் சேமிக்க விடாது. கையிருப்பு இல்லாத கிருமி பிழைக்க வேண்டுமானால் வளர்ந்தே ஆக வேண்டும். வளர்ந்தால் வெள்ளை மாத்திரை கொல்லும். தினமும் இரண்டும் சேர்த்து, பத்து வாரம். தவறியதே இல்லை.

தங்கதுரையிடம் தவறியது. பன்னிரண்டாம் வாரத்திலும் கொழுப்பு எண் ஏறிக்கொண்டிருந்தது.

டாக்டர் ரிஸ்வானா இரண்டு நாள் தூங்கவில்லை. செம்மஞ்சள் மாத்திரைக்கு அடங்காத புதுக் கிருமி என்றால் கப்பலையே நிறுத்த வேண்டும். முடிவெடுக்கும் முன் முகமூடி மாட்டிக்கொண்டு நேரில் வந்தார்.

"மாத்திரை ஒழுங்கா சாப்பிடுறீங்களா?"

"அவ எடுத்துக் கொடுக்கிறா, நான் முழுங்குறேன். தண்ணிகூட அவதான் அளந்து தருவா" என்றார் தங்கதுரை.

டாக்டரின் கண் கதவுக்கு மேலே போனது. மிச்சப் பலகை. ஒவ்வொரு வீடும் அந்த மாதம் எவ்வளவு நீர், வெப்பம், உணவு மிச்சம் பிடித்தது என்று காட்டும் பலகை. பிள்ளைகள் எழுத்துக்கு முன் அதைத்தான் வாசிக்கக் கற்கும். புஷ்பலீலாவின் வீடு மூன்றாவது மாதமாகத் தெருவிலேயே முதலிடம்.

"அக்கா," என்றார் டாக்டர் மெதுவாக, "மாத்திரையிலுமா?"

புஷ்பலீலா உள்ளே போய் ஒரு பிஸ்கட் டப்பாவைக் கொண்டு வந்தாள். பாதிக்கு மேல் செம்மஞ்சளும் வெள்ளையும்.

"இருமல் நின்னதும் ஒருநாள் விட்டு ஒருநாள் கொடுத்தேன், டாக்டரம்மா. நல்லாத்தானே இருந்தார். கப்பல்ல எட்டு மாசம் போகணும். வழியில நோய் திரும்ப வந்துட்டா யார்கிட்ட போய்க் கேட்கிறது?"

"அடிப்பாவி" என்றார் தங்கதுரை. "நீ மாத்திரை கொடுக்காத நாளெல்லாம், அதுவும் வைத்தியம்னு நம்பி நான் வெறும் தண்ணியா குடிச்சேன்?"

"நீங்க விடுற அந்த ஒருநாள் போதும் கிருமிக்கு" என்றார் டாக்டர். "வயித்தை நிரப்பிக்கிட்டுப் படுத்துடும். கஷ்ட காலத்துக்குன்னு நீங்க டப்பாவுல சேர்த்தீங்க. அதுவும் அதையேதான் செஞ்சிருக்கு."

"இப்போ?" என்றாள் புஷ்பலீலா.

"முதல்லேயிருந்து. பத்து வாரம்."

தங்கதுரை கட்டிய பெட்டியைப் பார்த்தார். புஷ்பலீலா அழவில்லை. பெட்டியைத் திறந்து, குழந்தைக்குத் தைத்த சட்டைகளை வெளியே எடுத்து வைத்தாள். அடுத்த கப்பலுக்குள் அவை சின்னதாகிவிடும்.

ஒன்பதாம் நாள் கப்பல் அவர்கள் இருவரும் இல்லாமல் புறப்பட்டது. பேத்தி பிறந்த செய்தி வந்த அன்று தங்கதுரை வெள்ளையும் செம்மஞ்சளும் சேர்த்து விழுங்கி, நாக்கை நீட்டி மனைவியிடம் காட்டினார்.

பத்தாம் வாரம் பச்சை விளக்கு எரிந்தது.

அதற்குள் டாக்டர் ஊருக்கே அறிவிப்பு விட்டிருந்தார்: வீட்டில் மிச்சமுள்ள மாத்திரைகளை ஒப்படைக்கவும். ஒரு பீப்பாய் போதும் என்று நினைத்தார். ஆறு நிரம்பின. காய்ச்சல், வயிற்றுவலி, தூக்கம், பெயர் தெரியாதவை. நிர்வாகக் குழுத் தலைவர் தம் பங்கைத் தாமே தூக்கி வந்தார்.

அவற்றை எரிப்பதா, கரைப்பதா என்று குழு கூடிப் பேசியது. காலாவதி ஆனவை, ஒன்றுக்கும் உதவாது என்று டாக்டர் விளக்கினார். எல்லோரும் தலையாட்டினார்கள். பிறகு ஒருமனதாக முடிவாயிற்று.

ஆறு பீப்பாய்களும் ஏழாம் கிடங்கில் பத்திரமாக வைக்கப்பட்டன. ஓர் அவசரத்துக்கு இருக்கட்டும் என்று.

ஆறு பீப்பாயும் மிச்சக் கணக்கில் சேர, அந்த மாதம் மிச்சப் பலகையில் ஊரிலேயே முதலிடம், நிர்வாகக் குழுவுக்கு.