எழுபத்தைந்து நாச்சிமுத்து

காலையில் எழுந்ததும் நாச்சிமுத்து பல்கூடத் துலக்காமல் சுவரில் இருந்த மூச்சுமானியைப் பார்த்தார். முள் பச்சையில் நின்றது. புருஷனும் பெண்டாட்டியும் இழுத்த காற்றைவிடத் தோட்டம் விட்ட காற்று கொஞ்சம் அதிகம் என்று அதற்கு அர்த்தம். இன்றைக்கும் உயிரோடு இருக்கலாம். நிம்மதியாக ஒரு கொட்டாவி விட்டார். சொந்தக் காற்று, தாராளமாக விடலாம்.

கொங்குப் பக்கத்திலிருந்து செவ்வாய்க் கிரகத்துக்குக் குடிபெயர்ந்தவர்களின் மூன்றாம் தலைமுறை அது. குடும்பத்துக்கு ஒரு குமிழ் கொடுத்திருந்தார்கள். வெளிச்சம் புகும் தோலால் மூடிய ஒன்றரை ஏக்கர் தோட்டம், ஓரத்தில் வீடு. பயிர் காற்றைக் கொடுக்கும், குடும்பம் அதைக் குடித்துப் பிழைக்கும். பயிர் தவறினால் அவசரத்துக்குப் பொதுக்குழாயில் காற்று வரும். ஆனால் முள் தொடர்ந்து நாற்பது நாள் சிவப்பில் நின்றால் குமிழுக்கு முத்திரை வைத்துக் குடும்பத்தைப் பொதுச் சுரங்கத்துக்கு அனுப்பிவிடுவார்கள். அங்கே ஆளுக்கொரு படுக்கை, ஊரார் விட்ட மிச்சக் காற்று. போனவர்கள் யாரும் திரும்பி வந்து தோட்டம் போட்டதில்லை.

செவ்வாய் மண்ணில் நச்சு உப்பு. அதன் மேல் ஒரு சாண் கனத்துக்கு உயிர்மண் பரப்பித்தான் விவசாயம். நாச்சிமுத்துவின் தோட்டத்தில் அந்த ஒரு சாண், அவர் மனைவி மயிலாத்தாளின் பதினோரு வருட உழைப்பு. காய்கறித் தோலையும் மண்புழுவையும் வைத்துக்கொண்டு விரல்கடை விரல்கடையாக வளர்த்த மண்.

முந்தாநாள் அவர்களுடைய பழைய பதினைந்து குதிரை டிராக்டர் நடு உழவில் செத்துப்போனது. விதைப்புக்குள் புதிது வாங்க வேண்டும். எந்த அளவில் வாங்குவது என்பதுதான் கேள்வி.

செவ்வாயில் இன்றுவரை ஒரு குதிரை கால் வைத்ததில்லை. ஆனாலும் டிராக்டரின் வலுவைக் குதிரைக் கணக்கில்தான் சொன்னார்கள். அதோடு விட்டார்களா? பெயருக்கு முன்னால் அப்பன் பெயரின் முதலெழுத்தைப் போடும் வழக்கத்தைக் கைவிட்டு, வண்டியின் குதிரை எண்ணைப் போட்டுக்கொண்டார்கள். விசேஷ வீட்டுப் பந்தியில் அந்த எண் வரிசைப்படிதான் இலை. ‘15 நாச்சிமுத்து’வுக்கு எப்போதும் கை கழுவும் தொட்டிக்குப் பக்கத்து இலை. ‘60 பொங்கியண்ணன்’ முதல் இலையில் உட்காருவார். பொங்கியண்ணன் யாரோ எவரோ அல்ல, மயிலாத்தாளின் அக்காள் புருஷன். நாச்சிமுத்துவின் சகலை.

சகலையின் தோட்டமும் அதே ஒன்றரை ஏக்கர்தான். வருஷா வருஷம் பச்சைப் பசேலென்று நிற்கும். பெரிய வண்டி, பெரிய விளைச்சல். இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று ஊரே நினைத்தது.

“ஏனுங், பழசாட்டமே சின்னதா ஒண்ணு பாருங்” என்றாள் மயிலாத்தாள். “நம்ம மண்ணு ஒரு சாணுதான்.”

“அடுத்த மாசம் உங்கொக்கா பேத்திக்குக் காது குத்து. அங்க போயும் தொட்டியோரமா உக்காரட்டுமா? ஊருல இருக்கறவன் வாய் கொப்புளிக்கறது பூராம் என்ர சட்டை மேல.”

“சட்டைய அலசிக்கலாமுங். மண்ண அலச முடியுமா?”

“நீ செத்த சும்மா இரு புள்ள.”

இயந்திர மாளிகையில் டிராக்டர் அளவு சொல்வதற்கென்றே ஒரு எந்திரன் இருந்தது. அளவுரைஞன் என்று பெயர். மூன்று கால், முகம் கிடையாது. முகம் இருந்தால் மக்கள் சண்டைக்குப் போகிறார்கள் என்று எடுத்துவிட்டார்கள். சண்டை மட்டும் நிற்கவில்லை.

அது நிலத்தின் பரப்பைக் கேட்டது. மண்ணின் ஆழம், வாசலின் அகலம், வரப்போரத்தில் வண்டி திரும்ப உள்ள இடம் எல்லாம் கேட்டது. கடைசியில், “பதினெட்டு” என்றது.

“என்னது?”

“பதினெட்டுக் குதிரை போதும், ஐயா. பெரிய வண்டியின் கலப்பை ஒரு முழத்துக்குக் குறைந்து உழாது. அடியிலிருக்கும் உப்பு மேலே வந்துவிடும். இங்கே ஈர்ப்பு குறைவு என்பதால் சக்கரம் வழுக்காமலிருக்க வண்டியில் கல் கட்டித் தொங்கவிட வேண்டும், அந்தக் கனத்தில் மண் இறுகும். திரும்புவதற்கே கால்பங்குத் தோட்டம் போய்விடும்.”

“ஏப்பா, என்னையப் பாத்தா பதினெட்டாட்டமா தெரியுது?”

“உங்களை அளக்க என்னிடம் கருவி இல்லை, ஐயா.”

“எங்க சகலை அறுவது வெச்சிருக்கறாரு. தெரியுமில்லொ?”

“மற்ற வாடிக்கையாளரைப் பற்றிப் பேச எனக்கு அனுமதி இல்லை.” அளவுரைஞன் சற்றுத் தயங்கியது. பிறகு குரலைத் தாழ்த்தியது. “உங்களுக்கு ஒரு வழி இருக்கிறது. மதிப்புறை என்று பெயர். வெளியே எழுபத்தைந்து குதிரை வண்டியின் கூடு. முகப்பில் எண் பெரிதாக இருக்கும். உறுமலும் அப்படியே. உள்ளே பதினெட்டு. தோட்டத்துக்குள் போனதும் கூடு மடங்கிக்கொள்ளும். பந்திக்கும் ஆகும், மண்ணுக்கும் ஆகும். பலபேர்...” அது சட்டென்று நிறுத்தியது. “பலபேர் என்று சொல்லவும் எனக்கு அனுமதி இல்லை.”

நாச்சிமுத்துவுக்கு முகம் சிவந்துவிட்டது. “வேசம் போடறதுக்கு வேற ஆளப் பாரு. எங்க வம்சத்துல அந்தப் பழக்கமில்ல. எழுவத்தஞ்சுன்னா எழுவத்தஞ்சு. உள்ளயும் அதேதான், வெளியவும் அதேதான்.”

பெருமைக்காகப் பொய் சொல்லும் மனிதர்கள் அளவுரைஞனுக்குப் பழக்கம். பெருமைக்காக நேர்மையாக இருக்கும் ஒருவரை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தது. அதன் மூன்று கால்களில் ஒன்று லேசாக மடங்கியது.

வண்டி வந்தது. குமிழின் வாசலை இடித்து அகலப்படுத்தித்தான் உள்ளே கொண்டுபோக முடிந்தது. திரும்புவதற்கு இடம் வேண்டும் என்று அவரைக்கொடி வரிசையைப் பிடுங்கினார்கள். முன்னால் ஆறு பாறாங்கல்லைக் கட்டித் தொங்கவிட்டார்கள். நாச்சிமுத்து ஏறி உட்கார்ந்து முடுக்கியபோது குமிழின் தோல் தகரம்போல அதிர்ந்தது. பக்கத்துக் குமிழ்க்காரர்கள் தோலில் மூக்கை ஒட்டிக்கொண்டு பார்த்தார்கள். ஒரே நாளில் உழவு முடிந்தது. மயிலாத்தாள் மட்டும் உழவுச் சாலில் குனிந்து, வெட்டுப்பட்ட புழுக்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

காதுகுத்து வீட்டில் ‘75 நாச்சிமுத்து’வுக்கு முதல் இலை. பொங்கியண்ணன் இரண்டாம் இலைக்கு நகர்ந்தார். வாழைக்காய் வறுவல் மூன்று தடவை வந்தது. சட்டை நனையாமல் நாச்சிமுத்து சாப்பிட்ட முதல் விருந்து அது.

காதுகுத்து முடிந்த பன்னிரண்டாம் நாள் மண்ணில் உப்பு வெள்ளையாகப் பூத்தது. மயிலாத்தாள் ஒரு சிட்டிகையை நாக்கில் வைத்து, உடனே துப்பினாள். முளைத்ததெல்லாம் மஞ்சளாகிச் சாய்ந்தது. மூச்சுமானி சிவப்புக்கு வந்தது. மானிதான் பழுது என்று நாச்சிமுத்து ஆளை வரவழைத்தார். வந்தவன் மானியைத் தட்டிப் பார்த்து, தோட்டத்தை எட்டிப் பார்த்து, வந்த வழியே போய்விட்டான்.

முள் சிவப்பில் நின்ற நாற்பதாம் நாள் அதிகாரிகள் வந்தார்கள். சாமான் கட்ட மூன்று நாள் தவணை கொடுத்தார்கள்.

இரண்டாம் நாள் மத்தியானம் சகலை துக்கம் விசாரிக்க வந்தார். வெளுத்துக் கிடந்த தோட்டத்தை ஒரு சுற்று நடந்தார். உச்சுக்கொட்டினார். மயிலாத்தாள் ஓர் ஓரமாக உட்கார்ந்து, கடைசிக் கூடை மண்ணைச் சலித்து, உயிரோடிருந்த புழுக்களைப் பானையில் போட்டுக்கொண்டிருந்தாள். பொங்கியண்ணன் டிராக்டரிடம் போனார். முன்மூடியைத் தூக்கி உள்ளே பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

“சகலை, இது நெசமாலுமே எழுவத்தஞ்சா?”

“பின்ன என்னுங்ணா?”

பொங்கியண்ணன் அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டார். “என்னுது உள்ள பதினெட்டுங் சகலை. வெளிய இருக்கறது வெறுங் கூடு. எட்டு வருசமாச்சு. என்ர பொண்டாட்டிக்கே தெரியாது.”

சகலையின் தோட்டம் ஏன் பச்சையாக நின்றது என்பதும், அளவுரைஞன் எந்தப் பலபேரைச் சொல்ல வந்தது என்பதும் நாச்சிமுத்துவுக்கு ஒரே நொடியில் விளங்கிவிட்டன. தான் போட்டி போட்டது ஒரு வெற்றுக் கூட்டோடு.

பொங்கியண்ணனின் கண் கலங்கியிருந்தது. தோட்டத்துக்காக அல்ல.

“நீங்க ஆம்பளைங் சகலை. கெட்டாலும் நெசமா இருந்து கெட்டீங்க. நானு ஒரு டப்பாவ ஓட்டிக்கிட்டு எட்டு வருசம் மொத எலையில உக்காந்து தின்னிருக்கறேன். நெனச்சா எனக்கே அருவருப்பா இருக்குது.”

“அண்ணா, இந்த உப்பு...”

“உப்பு கெடக்குது வுடுங். அது அவியவிய மண்ணு ராசி.” எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டார். “நாளைக்கே போயி நெசமானதா ஒண்ணு எடுத்தர்றேன். பெரிய வண்டி ஓட்டுன கை உங்களுது. நீங்களே சொல்லுங், என்ன அளவு எடுக்கலாம்?”

சலித்துக்கொண்டிருந்த மயிலாத்தாளின் கை நின்றது.

பதினெட்டு. அந்த ஒரு சொல் நாச்சிமுத்துவின் நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் ஒரு தோட்டம் பிழைக்கும். சகலை அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார், ஒரு பெரிய மனிதரைப் பார்ப்பதுபோல. நாச்சிமுத்துவை இதுவரை யாரும் அப்படிப் பார்த்ததில்லை. அவர் தொண்டையைச் செருமினார்.

“தொண்ணூறுக்குக் கம்மியாப் பாக்காதீங்ணா.”

பொங்கியண்ணன் அவர் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, கிட்டத்தட்ட ஓடினார்.

மயிலாத்தாள் பானையின் வாயைத் துணியால் கட்டினாள். “ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்லீங்? அங்க இருக்கறது எங்கொக்கா. அந்த மண்ணுக்கும் மொதப் புழு நாந்தானுங் குடுத்தேன்.”

நாச்சிமுத்து வண்டியின் முகப்பிலிருந்த எழுபத்தைந்தைத் துண்டால் துடைத்தார்.

“பதினெட்டுப் போதும்னு என்ர வாயாலயே சொன்னா, அந்த மனுசன் என்னையப் பத்தி என்ன புள்ள நெனைப்பான்?”