கரிநாக்கின் புதுப் பாட்டு

பாட்டு பாதியைத் தாண்டியும் தம்பி மூச்சு இழுக்கவில்லை. டிரம்ஸுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவளுக்கு அது சட்டென்று உறைத்தது. அவன் முதுகைப் பார்த்தே வாசித்துப் பழகியவள். தோள் ஏறினால் மூச்சு, இறங்கினால் உறுமல், அந்த இறக்கத்தில்தான் அவள் கால் பெடலை மிதிக்கும். இன்று தோள் அசையவே இல்லை. உறுமல் மட்டும் வந்துகொண்டிருந்தது.

அப்பாவின் கார் ஷெட்டில் அக்காவும் தம்பியுமாக, அவனோடு படித்த கிட்டார்காரனையும் சேர்த்துக்கொண்டு ஆரம்பித்த ஹெவி மெட்டல் குழு அது. தம்பி கத்துவதைக் கேட்டு, கரிநாக்கு, வாயைத் திறந்தாலே விளங்காது என்று அம்மா திட்டியதையே குழுவுக்குப் பெயராக வைத்துவிட்டார்கள். முதலில் எல்லாரையும் போல வேகமாகத்தான் வாசித்தார்கள். தனியாகத் தெரியவேண்டும் என்று தம்பிதான் கிட்டார் கம்பிகளைத் தளர்த்தச் சொன்னான். சுருதி இறங்க இறங்க வேகமும் குறைந்தது. தொய்ந்த கம்பிகள் இரும்பு பீரோவைத் தரையில் இழுப்பதுபோல் முனகின. அதற்கு ஈடுகொடுக்க அவன் அடிவயிற்றிலிருந்து உறுமக் கற்றுக்கொண்டான். கேட்க வந்தவர்கள் கிறங்கிப்போனார்கள். இன்னும் கீழே போகலாம் என்று சொல்லிக்கொண்டே இருந்தான். அவளும் சரி சரி என்று தலையாட்டினாள்.

மதிய வெயிலில் தகரக் கூரை பொரிந்தது. சுவரில் அறைந்திருந்த பழைய மெத்தைகளிலிருந்து புழுங்கிய பஞ்சு வாடை. அதற்கும் அடியில், இதுவரை இல்லாத, ஈர மண்ணைத் தோண்டிய வாடை. அவள் குச்சிகளைக் கீழே வைத்தாள். கிட்டாரும் நின்றது. உறுமல் நிற்கவில்லை.

ஸ்பீக்கரில்தான் கோளாறு என்று கிட்டார்காரன் மெயினை அணைத்தான். ஆம்ப்ளிஃபையரின் சிவப்பு விளக்கு செத்தது. ஃபேன் சுழன்று ஓய்ந்தது. உறுமல் நிற்கவில்லை.

"போதும்டா. நிறுத்து," என்றாள்.

தம்பி திரும்பினான். கண்கள் நிறைந்திருந்தன. கையில் மைக் இல்லை. உறுமலுக்கு நடுவே அவனுடைய சொந்தக் குரல், சின்ன வயதில் இருட்டில் அவளைத் தேடும் குரல், மெல்லிசாக வந்தது.

"நான் அப்பவே நிறுத்திட்டேன்க்கா."

வாயை மூடினான். உதடுகள் வெளுக்கும்வரை இறுக்கினான். சத்தம் துளியும் குறையவில்லை.

கிட்டார்காரன் ஷட்டரைத் தூக்கிவிட்டு ஓடினான். வெயில் உள்ளே விழுந்தது. அவளால் ஓட முடியவில்லை. தம்பியைக் கட்டிக்கொண்டு, விக்கல் எடுத்த குழந்தைக்குத் தட்டுவதுபோல் முதுகைத் தட்டினாள். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. அவன் அவள் கையைப் பிடித்துத் தன் தொண்டையில் வைத்தான்.

தோல் கொதித்தது. மெல்லிசாகியிருந்தது. அதற்குப் பின்னால் ஏதோ. கடினமாக. வரிசையாக.

பற்கள்.

அவள் உள்ளங்கைக்குக் கீழே அவை மெதுவாகத் திறந்தன. மூடின. மறுபடி திறந்தன.